எல்லாரும் புருல்சா

பிஷ்கேக், பேருந்து நிலையம்
வெள்ளி மதியம்

அன்புள்ள பெர்மெத்துக்கு,

நலம். நீயும் குட்டி ஆய்பிகேவும் மேய்ச்சல் மேட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே போனுக்குச் சிக்னல் கிடைக்காததால் இதை இந்த வண்டியில் வரும் புருல்சா அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கூடாரத்துக்கு இரண்டு கூடாரம் தள்ளித்தான் அவர் மகன் இருக்கிறாராம். கூடவே ஒரு சிறு கத்தியும் வருகிறது, பத்திரம்.

முதலில் கோபப்பட்டுவிடு, பிறகு படி. நாளை குழந்தையின் கால்கயிறு வெட்டும் சடங்குக்கு நான் வரவில்லை. வண்டி எதிரே நிற்கிறது, என் இருக்கை காலியாக இருக்கிறது, ஆனாலும் வர முடியவில்லை.

ஓட்டுநர் பயணிகளின் பெயர்களைப் படித்தார். புருல்சா என்றார், இந்த அம்மா கையைத் தூக்கினார். அடுத்த பெயரும் புருல்சா. அதற்கடுத்ததும் புருல்சா. தாடி வைத்த ஒருவர் தன் டிக்கெட்டிலும் அதேதான் இருக்கிறது என்று போனை நீட்டினார். என்னுடையதிலும் அதேதான். "இத்தன புருல்சாவ ஏத்திக்கிட்டு நான் எந்தச் சோதனைச் சாவடியத் தாண்டுறது?" என்று ஓட்டுநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எம் பேரு என்ன அவ்வளவு மட்டமா? வச்சுக்கட்டுமே" என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே தவறு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நான் நிரலில் எழுதிய 'பயணி' என்ற கிளாஸைப் பற்றி உன்னிடம் எத்தனை முறை பீற்றியிருப்பேன். எங்கள் டிக்கெட் தளத்தில் எந்தப் பக்கமானாலும் பெயர், ஊர், இருக்கை எல்லாவற்றையும் அதுதான் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு தடவை எழுதினேன், மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்க்காமலே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்லவேண்டும்: வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியா, எல்லாருக்கும் சேர்த்து ஒன்றா. நான் ஊருக்குக் கிளம்பியதால் புதுப் பக்கம் கூட வேலை செய்யும் மார்லென் அண்ணன் கைக்குப் போனது. அவர் எல்லாருக்கும் ஒன்று என்று எழுதிவிட்டார். கடைசியாக டிக்கெட் எடுத்தவர் இந்த அம்மா, அதனால் நாங்கள் எல்லாரும் அவராகிவிட்டோம்.

அவரைப் போனில் கேட்டேன். "ஏன்டா, கூடாரத்துல ஒரே கிண்ணத்தச் சுத்தி விட்டுத்தான குதிரப்பால் குமிஸ் குடிக்கிறோம்? ஆளுக்கொண்ணு குடுத்தா சர்வருக்கு வீண் பாரம்னு நெனச்சேன்" என்றார். அவரை என்னவென்று திட்டுவது?

அந்த ஒரு சொல்லை அவரே திருத்திவிட்டார். ஆனால் விற்ற டிக்கெட்டுகளில் யார் யார் என்று மீட்டெடுக்க அந்தக் கிளாஸின் வயிற்றுக்குள் இறங்கவேண்டும். யாரும் உள்ளே பார்க்கவே தேவையில்லை என்று பெருமையாகச் செய்தேன். இப்போது உள்ளே நான் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறேன், பெர்மெத். முதலாளி சாமத், "எல்லா ஊரு ஸ்டாண்டுலயும் இதே கூத்து. பஸ் ஏறுனேன்னா திங்கக்கெழம வேலைக்கு வராத, வீட்டுச் சாவியையும் குடுத்துட்டுப் போயிடு" என்கிறார். வீடு கம்பெனியுடையது என்பது உனக்குத் தெரியும்.

ஓட்டுநர் முகத்தைப் பார்த்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். "நீயும் ஏறுப்பா, புள்ள காத்திருக்கும்ல" என்று இரண்டு முறை கூப்பிட்டார். இந்தக் கடிதத்தை முடிப்பதற்காகத்தான் இப்போது வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

எனக்காகச் சடங்கைத் தள்ளிப்போடாதே. நடக்கத் துடிக்கிற குழந்தையின் காலை அப்பனுக்காகக் கட்டிவைக்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைகளின் ஓட்டத்தில் முந்தி வருகிற பிள்ளை இந்தக் கத்தியால் அந்தக் கருப்பு வெள்ளைக் கயிற்றை வெட்டட்டும். கத்தி அந்தப் பிள்ளைக்கே. விருந்துக்குப் பொரிக்கும் போர்சோக் ரொட்டியில் எனக்கென்று எதுவும் எடுத்துவைக்க வேண்டாம்.

போன முறை, "இந்தத் தடவையும் நீ வரலேன்னா" என்று தொடங்கி பாதியில் நிறுத்தினாய். அது பாதியிலேயே இருக்கட்டும். மந்தை இறங்கும்போது நீங்கள் இருவரும் இறங்கி வாருங்கள்.

ஆய்பிகே விழாமல் நடக்கட்டும், வெகுதூரம் நடக்கட்டும். கயிறு அறுந்ததும் அவள் யாரைப் பார்த்து நடந்தாள் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே.

உன்
எர்மெக்