பத்து எண்ணும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்தது அத்தனையும் உள்ளபடியே எழுதுகிறேன். உன் பரீட்சை முடியும்வரை உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்; ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் குட்டித் தங்கை சின்னவள் இந்தப் பள்ளியில் தொடரலாமா என்று முடிவு செய்ய நேற்று ஓர் அதிகாரி பள்ளிக்கு வந்தார். அவளுக்குப் பேச்சு வராதே, அதனால் மேசையில் பட அட்டைகளைப் பரப்பி, "தண்ணி எங்கேம்மா, காட்டு" என்றார். துணைக்கு நான் இருந்தேன்.

இலக்கியப் பட்டத்தோடு சிறப்புக் கல்விப் பயிற்சியும் படிக்கிற நீ, போன விடுமுறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். கேள்வி கேட்டபின் அவளாகக் காட்டும்வரை பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும், அவள் கையைத் தொடவே கூடாது. "புத்தகப்புழு, முதல்ல நீ எண்ணக் கத்துக்கடி" என்று கிண்டலும் செய்தாய்.

ஆறு வரை எண்ணினேன். அவர் பேனாவைத் திறந்தார். சின்னவளின் விரல் சரியான படத்தை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் அவள் முழங்கையை அந்தப் படத்தின் பக்கம் தள்ளிவிட்டேன்.

"இத்தனை நாளும் நீதான் காட்டினியா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லைங்க, அவளுக்கே தெரியும்."

அதன்பின் அவள் எதையும் தொடவில்லை. வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். "விடும்மா, அவளுக்குக் கொடுத்து வைக்கலை" என்று வீட்டில் என்னைத் தேற்றினார் அப்பா. நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை.

இன்று காலை சின்னவள் தானாகவே பள்ளிக்கூடப் படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பள்ளி விட்டபின் அவளுடைய வகுப்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆயா பெருக்கி முடித்து விளக்குகளை அணைத்துவிட்டார்.

உன் தங்கை