கையும் சரி, கார்ட்ரிட்ஜும் சரி

மொரியோகா,
மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள கோஹெய்க்கு,

இங்கே நாங்கள் பெரும்பாலும் நலம், அங்கே மாண்ட்ரியல் குளிரில் நீ முழுதாகவே நலமா என்று எழுது. ரெக்கார்டு பிளேயர் விஷயத்தில் கடைசியாக உறுதியான செய்தி இது: தட்டின் மேல் ஊசியைத் தாங்கும் அதன் கையும் சரி, கையின் நுனியில் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜும் சரி. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒனோதேரா, சனிக்கிழமை மதியம் நம் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துச் சொன்னார். ஆகவே நீ பார்த்து வைத்திருக்கும் புதுக் கையை வாங்காதே.

இலையுதிர் காலத்திலிருந்தே வலப்பக்கம், அதாவது ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர், பஞ்சு அடைத்தது போல மங்கலாகக் கேட்கிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். கை பழசு, அதை மாற்றாமல் என்ன கார்ட்ரிட்ஜ் மாட்டினாலும் வீண் என்றாய் நீ. கை நூறு வருஷம் உழைக்கும், ஊசி தேய்ந்திருக்கும், கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள் என்றார் ஒனோதேரா. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை, நேரில் வந்து பாருங்கள் என்றேன். பூட்ஸ் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தவர் கண்ணில் முதலில் பட்டது கையின் நுனியில் நான் ஒட்டி வைத்திருந்த ஒரு யென் காசு. அது சரியாக ஒரு கிராம், ஊசி துள்ளாமல் இருக்கட்டும் என்று ஒட்டினேன். "பேப்பர்ல எல்லாரோட லஞ்சத்தையும் எழுதினீங்க மிசாவோ சான், இப்ப நீங்களே இசைத்தட்டுக்கு லஞ்சம் குடுக்கறீங்களே" என்றார். காசை எடுத்தோம், நான் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுச் சொன்னேன், மங்கல் போகவில்லை. தன் பையிலிருந்து வேறொரு கார்ட்ரிட்ஜை எடுத்து மாட்டினார், அப்போதும் போகவில்லை. உன் அப்பா உடனே "பாத்தீங்களா, எம் பையன் சொன்னதுதான், கைதான்" என்று மார்தட்டினார். ஒனோதேரா ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய், பிளேயரிலிருந்து வரும் சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் இடம் மாற்றிச் செருகினார். கோளாறு கையில் இருந்தால் மங்கல் இப்போது கதவுப் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஸ்பீக்கர்தான் என்று அப்பா முதுகு பிடித்துக்கொள்ள இரண்டையும் தூக்கி இடம் மாற்றினார், அப்போதும் ஜன்னல் பக்கமே மங்கல். ஒனோதேரா தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் "தப்பா எடுத்துக்காதீங்க, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உக்காருங்க" என்றார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மங்கல் கதவுப் பக்கத்துக்குப் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் எதையும் இடம் மாற்றவில்லை, திரும்பியது நான் மட்டும்தான். அவர் தானே தப்பு செய்தவர் போல் தலை குனிந்தார். அப்பாதான் முதுகைத் தடவிக்கொண்டே "ஏம்மா, அப்ப மாத்த வேண்டியது காதைத்தானா? இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஸ்பீக்கரைத் தூக்கியிருக்க மாட்டேனே" என்றார். மூவரும் சிரித்தோம், அதன் பிறகு ஊறுகாய் கொண்டுவர உள்ளே போன அப்பா கொஞ்ச நேரம் வரவில்லை.

நேற்று காது டாக்டர் சிதாவிடம் போனேன். காதில் அழுக்கு இல்லை என்பது மட்டும் உறுதி, ஒலி போட்டுச் சோதித்தார்கள், தலையைப் படமும் எடுத்தார்கள். என்னை யோசிக்க வைத்தது அங்கே வரவேற்பில் இருந்த பெண் கேட்ட கேள்வி, போனை எந்தக் காதில் வைப்பீர்கள் என்றாள். பத்திரிகை வேலையில் இருந்தவரை இடக்காதில்தான் வைத்தேன், வலக்கையில் பேனா இருந்ததே. ஓய்வு பெற்ற பிறகு எழுத எதுவும் இல்லை என்று வலக்காதுக்கு மாற்றிக்கொண்டேன். ஜனவரி கடைசி ஞாயிறு நீ பேசியதும் அந்தக் காதில்தான். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாய், என் காதில் விழுந்தது "மே மாசம்", "ரெண்டு பேரா" என்ற இரண்டு துண்டுகள் மட்டும். திரும்பச் சொல் என்று கேட்காமல் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் விலை ஏதோ சொல்கிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை பேசியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவுக்கு ஓர் ஊகம் இருக்கிறது, விருந்தாளி வந்தால் தங்கும் மாடி அறையின் ஜன்னல் சட்டங்களுக்குப் புதுக் காகிதம் ஒட்டத் தொடங்கிவிட்டார். எனக்கும் அதே ஊகம்தான், ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் நான் எதையும் எழுதியதில்லை. அன்று நான் சொன்னது பதிலே இல்லை கோஹெய், கேள்வி எனக்கு வந்து சேரவே இல்லை. இன்னொரு தடவை கேள், அல்லது எழுது.

நம் வீட்டு மிசோ விழுதும் உலர்ந்த முள்ளங்கியும் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேருக்குப் போதும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வலக்காதில் கேட்கும் திறன் திரும்புமா என்று டாக்டர் வியாழக்கிழமை சொல்வார். மற்றது எப்போது தெரியும் என்பது உன் கையில்.

அன்புடன்,
அம்மா
மிசாவோ
(ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை இடக்காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.)