மிளகாய்ப் பழம் பறித்த நாள்

இன்று காலை களத்தில் காய்கிற மிளகாயைக் கிளறிவிட்டபோது கமறல் மூக்கில் ஏறி ஏழெட்டுத் தும்மல் தும்மினேன். வேலைக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நீ இருந்தால் சிரிப்போடு விட்டிருக்க மாட்டாய். எட்டு ஏக்கரில் மிளகாய் போடுகிற வீட்டுப் பெண்ணுக்கு மிளகாய் நெடி ஆகாது என்று மெல்போர்ன் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அல்லவா. நீ இறந்து ஆறு மாதம் ஆகிறது. விடுப்பில் ஊருக்கு வந்தும் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கமுதிப் பக்கம் நாம் ஒரே ஊர், பள்ளியிலும் ஒரே வகுப்பு. ஆனாலும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாய். உன் அம்மா எங்கள் வயலில் கூலிக்குப் பழம் எடுக்கிறவர். நீ நர்சிங், நான் கணக்கியல் என்று படிக்கப்போய் மெல்போர்னில் ஒரே அறையில் பெட்டியை இறக்கிய முதல் நாளே, “ஏய், சன்னல் பக்கம் எனக்குடி” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அதுவே பிடித்துப்போனது.

வகுப்பில்லாத நாட்களில் ஏதாவது வேலை பார்த்தால்தான் அங்கே பிழைக்க முடியும். கடை கடையாக ஏறி இறங்கினோம். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. இரண்டு மாதம் கழித்து, நகரத்துக்கு வெளியே ஒரு காய்கறிப் பண்ணையில் மிளகாய் பறிக்க ஆள் கேட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாய் எங்கள் குடும்பத் தொழில் என்று சூப்பர்வைசரிடம் அளந்துவிட்டேன். நான் ஒரு பழம்கூடப் பறித்ததில்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அவன் வரிசையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

“பெட்டியில பச்ச மொளகா படம் போட்டுருக்குடி. காயா எடுக்கணுமோ என்னமோ, ஒரு வார்த்த கேட்டுருவோம்” என்றாய்.

“காய எவனாச்சும் எடுப்பானா? வத்தலுக்குப் பழந்தான எடுக்கணும்? எங்க வயல்ல காயில கை வச்சா எங்கம்மா வெட்டிப்புடும்” என்றேன்.

வயல்காரி அதிகாரம் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது. நீ மறுபேச்சில்லாமல் குனிந்தாய். காயை விட்டுவிட்டுப் பழுத்ததை மட்டும் பறித்தோம். உன் பெட்டி நிறைந்ததும் என் பெட்டியிலும் போட்டாய். மதியம் வந்து பார்த்த சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டான். அவர்களுக்கு வேண்டியது பச்சை மிளகாய்தான்.

யார் இப்படிப் பறிக்கச் சொன்னது என்று கேட்டான். நான் தரையைப் பார்த்தேன். நான்தான் சொன்னேன், இவள் கேட்டுச் செய்தாள் என்றாய் நீ. உனக்கு அன்றோடு வேலை முடிந்தது. என்னை அடுத்த வாரமும் வரச் சொன்னான். நான் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எங்கள் வீட்டாருக்கு முன்னால் உன் வீட்டார் பழி ஏற்றுப் பழகிய பழக்கமோ என்று எனக்குள் உறுத்தியது. நீ பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, “இது போனா ஒனக்கு வேற எவன்டி வேல குடுப்பான்? எனக்கு நாலு நாள்ல கெடச்சுரும்” என்றாய். சொன்னபடியே ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை உனக்குக் கிடைத்தது.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்துதானே வேலைக்குப் போகிறீர்கள் என்று அம்மா போனில் கேட்டபோது, “அவ பழத்தத் தப்பா எடுத்தான்னு நிப்பாட்டிட்டாக” என்று சொல்லிவிட்டேன். அம்மா அதைக் களத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பழம் எடுப்பதில் உன் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் மகளுக்குப் பழம் எடுக்கத் தெரியாதாம் என்பது மூன்று வருடம் ஊர்ப் பேச்சாக இருந்தது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் உண்மையைச் சொல்லிவிட நினைப்பேன். வாய் வராது. அதற்குள் காய்ச்சல் என்று படுத்த நீ ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு இன்றுதான் உன் அம்மா வேலைக்கு வந்தார். வெளுத்த பழங்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஒருத்தி ஆறுதல் சொல்லுகிறேன் என்று, “பழம் எடுக்கத் தெரியாட்டியும் தங்கமான பிள்ள” என்றாள். என் அம்மாவும் அங்கேதான் நின்றாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“உங்க மக தப்புப் பண்ணல. கேட்டுருவோம்னுதான் சொன்னா, நான்தான் விடல. பழியையும் அவளே ஏத்துக்கிட்டா. நான் பேசாம இருந்துட்டேன்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அம்மா முகம் சிறுத்துப்போய் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். உன் அம்மா கையிலிருந்த பழங்களைக் கீழே வைத்தார்.

“தெரியும் தாயி. இந்தப் பேச்சுக் கெளம்புன அன்னைக்கே போன்ல சொல்லிட்டா. ‘அவளா வந்து சொல்லுவாம்மா, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத’ன்னா. நானும் நீ வரும்போதெல்லாம் ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

சொல்லிவிட்டு மறுபடி பொறுக்க ஆரம்பித்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் கோழைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோழை என்றைக்காவது வாய் திறப்பாள் என்று நீ நம்பியிருக்கிறாய். எனக்கே என்மேல் இல்லாத அந்த நம்பிக்கையை இனி நான்தான் சுமக்க வேண்டும். சொல்லிவிட்டேன்டி. நீ கேட்க இருந்தபோது சொல்லவில்லை.