பச்சை தெரிந்தால் போதும்

மார்ச் 4
சிறுநீரகச் சோதனைக்காக இன்று செய்த புரதமும் பச்சை. நீல விளக்கில் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பளிச்சுனு இருக்கு, கிளினிக்குக்கு அனுப்பிடு" என்றார் சார். எங்கள் ஆய்வகத்தில் தரச் சோதனை இவ்வளவுதான். இரத்தத்தில் நோயின் அடையாளத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் ஆகும். ஒளிர்கிறதா என்று பார்க்க ஒரு நொடி.

மார்ச் 9
அம்மாவுக்கு விளக்கினேன். ஒரே புரதம். சிறுநீரகம் கெடும்போது இரத்தத்தில் ஏறும் பொருளை அதன் ஒரு முனை பிடிக்கும், மறுமுனை ஒளிரும். நடுவில் சின்ன இணைப்பு. இரத்தத்தோடு சேர்த்து, கழுவிய பின்னும் பச்சை மிஞ்சினால் நோய்.
"கையில டார்ச்ச கட்டி விடுறன்னு சொல்லு. இதுக்கா ஆறு வருஷம் படிச்ச?"
ஒளி மங்கலாக இருந்ததால் இணைப்பை நீளமாக்கியது நான். சார் அன்று கெட்டிக்காரி என்றார்.

மார்ச் 15
சந்தேகத்தில், கிளினிக்குக்கு அனுப்பியதில் மிஞ்சி ஃபிரிட்ஜில் மூன்று வாரம் இருந்த குழாயை, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். ஒரு பட்டை வரவேண்டிய இடத்தில் இரண்டு. நீண்ட இணைப்பு அறுந்துவிட்டது. கை தனி, டார்ச் தனி. குழாயில் அழகாக ஒளிர்கிறது. கழுவினால் பச்சை போய்விடும். நோயாளிக்கும் 'நோயில்லை' என்றுதான் வரும்.
நீளமாக்கியது நான்.

மார்ச் 16
சாரிடம் சொன்னேன்.
"புதுசா செஞ்சு அனுப்பலாம். பழசைப் பத்திப் பேசாத."
"அதை வெச்சுத்தான் சார் ஆளுங்களுக்குப் பாத்துட்டிருக்காங்க."
"இலவச கிளினிக்தானே. முடியலன்னா திரும்ப வருவாங்க."
இலவசம்னா கிட்னியும் இலவசமா? தன் அப்பா இரத்தத்தை இவர் இதுல பாப்பாரா? எதையும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். சீ.

மார்ச் 17
கிளினிக் எண்ணைப் போனில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 18
கிளினிக் நர்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நாப்பத்தொரு பேரை ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேனேம்மா" என்றார்.

மார்ச் 20
என் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், "மேலிடத்து உத்தரவும்மா" என்றார்.

ஏப்ரல் 2
தினமும் கிளினிக்கில் உட்கார்ந்து, அந்த நாற்பத்தொரு பேரையும் கூப்பிடுகிறோம். முப்பத்தாறு பேர் கிடைத்தார்கள். வேறு ஆய்வகத்தில் பழைய முறையில் மறுபடி சோதித்ததில் இதுவரை நால்வருக்கு நோய்.
இன்று மறுசோதனைக்கு வந்தவர் லாரி ஓட்டுநர். "போன தடவை இல்லேன்னுதானே சொன்னீங்க?"
நர்ஸ் வாய் திறப்பதற்குள், "தப்பு நான் செஞ்சதுங்க" என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்து, இரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.