பலகையில் அழிக்காத பெயர்

ஜூலை 1, செவ்வாய்

அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: டல்லி கோகன் என்கிற என் மேலுதட்டில் ஏழாவது முடி இன்று காலை முறைப்படி பதவியேற்றது. விழாவில் கலந்துகொண்டவர்கள் நானும் கண்ணாடியும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா வாழ்த்துரை வழங்கினாள்: "மூஞ்சியக் கழுவுடா, அழுக்கு ஒட்டியிருக்கு."

வெளியூர்ச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பா சனிக்கிழமை வருகிறார். எனக்கு லைசென்ஸ் கிடைத்ததும், அவர் விட்டுப்போன, உள்ளே படுக்கை வைத்த கேம்பர் வேனில் நாங்கள் இருவரும் செம்பாறை இடுக்குக் குளத்துக்குப் போவதாக இரண்டு வருடப் பேச்சு. கிடைத்து மூன்று வாரம் ஆகிறது.

ஜூலை 4

வரவில்லையாம். "கூடுதல் ஷிப்டுடா. அடுத்த தடவ கண்டிப்பா."

'வருகிறேன்' என்பது 'வருந்துகிறேன்' ஆக அவருக்கு மூன்றே நாள். போனில் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள், மேஜையில் தட்டு வைக்கும் சத்தம். சுரங்கத்தில் யார் தட்டு வைக்கிறார்கள்? தோண்டுவது அவர் தொழில். தோண்டிக் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஜூலை 5, மாலை

தனியாகவே போனேன். அம்மா வார இறுதிக்குச் சித்தி வீட்டில்; தடுக்க ஆளில்லை.

ஊர்ப் பெட்ரோல் பங்கை நடத்தும் பெண்மணி நெரிடா. அங்கே ஒரு பலகை இருக்கிறது. ஊருக்கு வெளியே போகிறவர்கள் பெயர், இடம், திரும்பும் நேரம், யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் எழுத வேண்டும். திரும்பியதும் அழிக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் நெரிடா போன் செய்வார். பிறகு தேடக் கிளம்பிவிடுவார்.

நான் அப்பா நம்பரை எழுதினேன்.

"உங்கம்மா நம்பர் என்னாச்சு?"

"இது ஆம்பளைங்க விஷயம்."

"அப்ப ஆம்பள ஆனதும் வந்து எழுது."

எழுபது கிலோமீட்டர் மண் ரோட்டை ஒற்றை ஆளாக முடித்தேன். இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், நடுவில் குளம், தண்ணீர் ஐஸ். தலைகுப்புறப் பாய்ந்தேன்.

மூன்று மணிக்கே திரும்பிவிட்டேன். பெயரை அழிக்கவில்லை. குதிரைப் பந்தயத் திடலின் கொட்டகைக்குப் பின்னால் வேனை நிறுத்தி, போனை மடியில் வைத்துக்கொண்டேன். பலகையில் நாலு மணி என்று எழுதியிருக்கிறேன். ஐந்துக்கு அப்பாவுக்குச் செய்தி போகும். பதறட்டும். ஒரு தடவையாவது.

5.04: நெரிடா. எடுக்கவில்லை. 5.09: நெரிடா. 5.15: நெரிடா.

அப்பா — இல்லை.

5.20. நெரிடாவின் வண்டி மேற்கே, இடுக்குக்குப் போகும் ரோட்டில் போகிறது. இப்போதே கூப்பிடலாம். ஊரைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. இன்னும் ஒரு நிமிஷம். அப்பா கூப்பிட்டால்?

ஜூலை 6

நேற்று இரவு ஒன்பது மணிக்குத்தான் நெரிடா திரும்பினார். பங்கை மூடிவிட்டுப் போயிருக்கிறார். நான் பெட்ரோல் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு முழங்கால் கிழிந்து ரத்தம், கையில் டார்ச். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"உங்கப்பன்கிட்ட சொன்னேன். 'அவன் வெளையாடுறான், வந்துருவான்'னான். நான்தான் அந்தாள வாய்க்கு வந்தபடி ஏசிட்டு ஓடினேன்." பலகையில் என் பெயரை அவரே உள்ளங்கையால் அழித்தார். "அவன் சொன்னதுதான் சரி."

அதுதான் எரிகிறது. இரண்டு வருடம் என் பக்கமே வராத ஆள் சொன்னது, என்னைப் பற்றி, சரி.

ஜூலை 8

பங்கில் நண்பன் ஜோரி குளத்தைப் பற்றிக் கேட்டான். நான் பாய்ந்த உயரம் மூன்று மீட்டரிலிருந்து ஐந்தானது. நெரிடா காபி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜோரி போனதும்:

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"ஐஸ்."

"ரெண்டு வருஷமா மழை இல்ல. குளத்துல தரை வெடிச்சுக் கெடக்கு. அந்த வெடிப்புலதான் கால் விட்டு விழுந்தேன், ஒன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே." மறுபடி துடைக்கத் தொடங்கினார். "ஜோரிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

ஜூலை 9

இன்று நெரிடாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். செம்பாறை இடுக்கை நான் பார்த்ததே இல்லை. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் ஒரு வறண்ட ஓடை. ரோடு முழுக்க மணல். வேன் புதைந்துவிடும் என்று பயந்து அங்கேயே நிறுத்தினேன். எட்டுத் தடவை முன்னும் பின்னும் போய் வண்டியைத் திருப்பி, ஒரு மரத்தடியில் இரண்டு மணிவரை உட்கார்ந்து இறைச்சி அடைத்த, ஆறிப்போன மீட் பை தின்றேன்.

ஒன்றை மட்டும் நெரிடாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கே கொஞ்சம் அழுதேன்.

கொஞ்சம் இல்லை.