கர்த்தர் காட்டிய மாப்பிள்ளை

அஸ்தினாபுரம், சென்னை,
ஜூலை 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

கிரேஸ்லின் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரி வேலையும் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

ஞாயிறன்று ஒரு வேடிக்கை நடந்தது, பயப்பட வேண்டாம். ஆராதனை முடிந்ததும் இங்குள்ள போதகர் என்னை நிறுத்தி, தம் அக்கா மகன் சாம்சன்தான் எனக்குக் குறிக்கப்பட்ட கணவர் என்று கர்த்தர் ஜெபத்தில் காட்டியதாகச் சொன்னார். நம் கிணற்றடிப் பலாமரத்திலிருந்து சின்ன வயதில் நான் விழுந்து கை முறிந்ததையும் கர்த்தர் காட்டினாராம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இன்னாத்துக்கும்மா யோசிக்கிற? இது தேவ சித்தம். இப்பவே சரின்னு சொல்லு" என்றார்.

"சித்தம்னா எப்படியும் நடக்கும்லா ஐயா? பெறவு என் சம்மதம் எதுக்கு?"

"நீ மனசார கீழ்ப்படியணும். அத்த கர்த்தர் உன் கையில வுட்டுக்கீறாரு."

"அப்பம் மாட்டேன்னு சொல்லவும் அவருதானே விட்டிருக்காரு" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அறைக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அந்தப் பலாமரத்தைப் பற்றி இங்கே நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் வந்திருந்தபோது நீங்கள் போதகரோடு வெகுநேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்பா, அவருக்கு அதைக் காட்டியது கர்த்தரா, நீங்களா?

இந்த ஞாயிறு எந்தச் சபைக்குப் போவதென்று தெரியவில்லை. கொஞ்சம் நல்லமிளகும் வீட்டுத் தேங்காயெண்ணெயும் வேண்டும், முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். சாம்சனைப் பற்றி நீங்கள் நேரில் கேட்டால் யோசித்துப் பதில் சொல்வேன். கர்த்தரை நடுவில் நிறுத்திக் கேட்காதீர்கள். அவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கிரேஸ்லின்