கிண்ணம் கழுவுகிறவனுக்கு

ராயபுரம்
1951, கார்த்திகை, சனிக்கிழமை இரவு

அண்ணா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு கப்பலில் இருக்கிறவர்களுக்கும் காட்டாதே, கொண்டுவந்து கொடுக்கிற ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடமும் படித்துக் காட்டாதே, படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. இந்த வீட்டிலிருந்து உனக்கு ஒரு வரிகூடப் போகக் கூடாது என்று நைனா சொல்லியிருக்கிறார், எழுதிக் கொடுத்தது நான் என்று தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றுவிடும். நைனா வெளியே போயிருக்கிற நேரத்தில் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனிமேல் ‘நான்’ என்று வருவது அம்மா, பூவம்மா இல்லை. பயத்தில் எழுத்து கோணலாக வருகிறது, கூட்டிப் படித்துக்கொள்.

என் மகன் குமாரவேலுக்கு அம்மா கன்னியம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடி, தின்று, சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்தச் சைகோன் பட்டணத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்படி கங்கையம்மன் பார்த்துக்கொள்வாள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கடல் முரட்டுத்தனமாக இருப்பதால் கட்டுமரத்தையெல்லாம் மணலில் ஏற்றிவிட்டார்கள், உன் நைனா வீட்டில் உட்கார்ந்து வலையைப் பிரித்துப் பிரித்து முடிகிறார், கடலுக்குப் போகாத மனிதரை வீட்டில் வைத்துக்கொள்வது எனக்குத்தான் தெரியும். உன் கப்பல் மாதிரிக் கப்பல்களில் வருகிற அரிசியைத்தான் இங்கே ரேஷனில் போடுகிறார்கள், பச்சரிசி, வடித்தால் கூழாகிறது, ஆனால் நீ எழுதியதைப் படிக்கக் கேட்டபிறகு அந்த அரிசியைத் திட்டுவதை விட்டுவிட்டேன். சோறாக வடித்தால்தானே குற்றம், அந்த ஊர்க்காரர்கள் அதை அரைத்து என்னென்னவோ செய்கிறார்களே.

இஞ்சின் பழுதாகிக் கப்பல் நிற்கிறது, வேலை இல்லாத நேரம் தெருத் தெருவாகச் சுற்றிச் சாப்பிடுகிறேன் என்று நீ எழுதியதையெல்லாம் இவளை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மஞ்சள் போட்ட மாவில் தேங்காய்ப்பால் ஊற்றித் தோசை சுட்டு, உள்ளே இறாலும் முளைப்பயறும் வைத்து, பச்சை இலையில் சுருட்டித் தின்பதாக எழுதினாயே, அதைச் செய்து பார்த்தேன், நன்றாக வந்தது, இலைக்கு இங்கே வழியில்லை, முருங்கைக் கீரையை மேலே தூவினேன். கொதிக்கிற பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் மாவை மெல்லிசாக ஊற்றி, மூங்கில் குச்சியால் சுருட்டி எடுப்பார்கள் என்றாயே, அதையும் இட்லித் துணியில் செய்தேன், மாவோடு துணியும் கிழிந்து வந்துவிட்டது. உன் நைனா பார்த்துவிட்டு, ‘இன்னாடி இது, உம்மவன் அங்க துணியத்தான் துன்னுகினு கீறானா’ என்றார். பரவாயில்லை, துணி பழசு, கை பழகவில்லை, இன்னொரு தரம் செய்தால் வந்துவிடும். தோளில் கம்பு வைத்து ஒரு பக்கம் அடுப்பும் ஒரு பக்கம் கிண்ணங்களுமாகத் தூக்கி வருகிறவர்களைப் பற்றியும், ராத்திரியில் இரண்டு கட்டைகளை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டு வந்து, சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வாங்கிச் சாப்பிடுவதைப் பற்றியும் நீ எழுதியது இவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் சாப்பிடு, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பசித்த பிள்ளை தெருவில் தின்றான் என்று எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. உள்ளே குஞ்சு இருக்கிற வாத்து முட்டை ஒன்று எழுதினாயே, அதை மட்டும் தின்றாலும் எனக்குச் சொல்லாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வெடிச் சத்தம் கேட்கிற பக்கம் எவ்வளவு ருசியான கடை இருந்தாலும் போகாதே.

மீன் தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ முதல் தடவை அந்த ஊருக்குப் போனபோது, நெத்திலியையும் உப்பையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கல்லை ஏற்றி, மாதக்கணக்கில் வைத்திருந்து, வடிகிற தண்ணியைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், சோறு தொடங்கி எல்லாவற்றிலும் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதினாய். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எத்தனை வருஷமாகக் கருவாடு போடுகிறேன், தொட்டியில் நிற்கிற அந்தத் தண்ணியைக் கடற்கரையில் கொட்டிக்கொண்டேதானே வந்தேன். உடனே எண்ணூர் உப்பு வாங்கி, நல்ல நெத்திலியாகப் பார்த்து ஒரு பானையில் போட்டுக் கொல்லையில் வைத்தேன். பக்கத்து வீட்டு மங்கம்மா, ‘இன்னாம்மே கன்னியம்மா, மீன் வித்து முடிஞ்சி இப்ப மீன் கழுவுன தண்ணியும் விக்கப் போறியா’ என்று தெருவே கேட்கச் சிரித்தாள். நாற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தது, ஆனால் போகப் போக அது நாற்றமாக இல்லாமல் வாசனையாக மாறியது, இப்போது தேன் நிறத்தில் இருக்கிறது, ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கடலையே சுண்டக் காய்ச்சின மாதிரி. மங்கம்மாவே ஒரு நாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை, பானையில் தண்ணி குறைந்துகொண்டே வருகிறது, நான் எடுப்பது கொஞ்சம், குறைவது அதிகம். ஆவியாகப் போகிறதா, பூனை குடிக்கிறதா, அந்த ஊர்ப் பானைகளிலும் இப்படி ஆகுமா என்று கேட்டு எழுது.

உன் நைனா கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். ஃபோ என்று ஒரு சாறு, அதில் அகலமான அரிசிச் சேவை போட்டுத் தருவார்கள், மாட்டு எலும்பில் எடுத்தது என்று நீ எழுதியிருந்தாய். இவள் படித்துக் காட்டும்போது பயந்துகொண்டு கோழி என்று மாற்றிப் படித்துவிட்டாள். போன மாதம் ஸ்டானிஸ்லாஸ் அங்கிருந்து வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்து கதை சொன்னான், உன் நைனாவும் பெருமையாக, கோழிச் சாறு குடிக்கிறானாமே என் பிள்ளை என்று கேட்டார். அவன், ‘கோழியா, யார் சொன்னது அண்ணாத்தே, மாட்டெலும்ப ராப்பூரா கொதிக்கவுட்ட சாறு, நானே ரெண்டு கிண்ணம் அடிச்சேன். உம்புள்ள குடிக்கிறதோட நிக்கல, அந்தக் கால்வாயோரத்து அம்மா கடையாண்ட குந்திகினு கிண்ணம் கழுவிகினு கீறான்’ என்றான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, வாய்தான் பெரிது. மாட்டுச் சாறு என்றபோது சும்மா இருந்த உன் நைனா, கிண்ணம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ‘வல இழுக்குற கையால எச்சக் கிண்ணம் கழுவுறானா, இனிமே இந்த வூட்லேர்ந்து அவனுக்கு ஒரு வரி போவக்கூடாது, சொல்ட்டேன்’ என்று கத்தினார்.

நான் ஏன் கோபப்படவில்லை தெரியுமா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிறேன், மழை, வழியெல்லாம் சேறு. உன் நைனா எங்கிருந்தோ வந்து கூடையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நம்மில் ஆண் பிடிப்பான், பெண் சுமந்து விற்பாள், ஆண் தலையில் மீன் கூடை ஏறி யார் பார்த்திருக்கிறார்கள். வழியெல்லாம் ஆட்கள், ‘இன்னா எத்திராஜி, மீனு விக்கக் கெளம்பிட்டியா, பொடவ எங்க’ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள், அவர் காது கேட்காதவர் மாதிரி மார்க்கெட் வாசலில் கூடையை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதமே பெண் கேட்டு வந்தார்கள். ஆண்பிள்ளை எதற்காகக் கூடை சுமப்பான், எதற்காகக் கிண்ணம் கழுவுவான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததனால்தான் அந்தக் கத்தல். பிள்ளை அங்கேயே தங்கிவிடுவானோ என்கிற பயத்தைக் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு ஸ்டானிஸ்லாஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நீ எத்தனையோ கடைகளைப் பற்றி எழுதினாய், ஒவ்வொன்றும் ஒரு தரம்தான். கால்வாய் ஓரத்து அம்மாவின் கடை மட்டும் எல்லாக் கடிதத்திலும் வருகிறது. அந்த அம்மாவின் மகள் ஹுவோங் துணியில் மாவு ஊற்றினால் காகிதம் மாதிரி வரும் என்று ஒரு தரம் பெயரோடு எழுதினாய், அதற்குப் பிறகு கடை வருகிறது, மாவு வருகிறது, அந்தப் பெயரைக் காணோம். எழுதின பெயரைவிட எழுதாத பெயர்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் பிள்ளையைப் படிக்கத் தெரியும்.

இப்போது அவசரம் என்னவென்றால், உன் நைனா இன்று சாயங்காலம் தேசப்பன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்கப் போயிருக்கிறார், அவர் மகள் புஷ்பவல்லியை உனக்குப் பேசி முடிக்க. பெரியவர்கள் அங்கே வந்து காத்திருக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்கவில்லை. தட்டைத் துணியில் கட்டிக் கொடுத்தது நான்தான், முடிச்சைப் பல்லால் இறுக்கிப் போட்டிருக்கிறேன், அவிழ்க்கிற நேரத்திலாவது மனிதர் யோசிக்கட்டும் என்று. வெற்றிலையை வைத்துவிட்டால் ஊர் முன்னால் சொன்ன சொல், தையில் தாலி. புஷ்பவல்லி தங்கமான பெண், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன், மனதை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு அவளை மணையில் உட்காரவைக்கிற பாவத்தை நீ செய்யக் கூடாது. ஹுவோங் விஷயம் உண்டா இல்லையா, நேராக எழுது. இல்லை என்றால் தைக்குள் வந்து சேர். உண்டு என்றால் இன்றைக்கு வைத்த வெற்றிலையானாலும் நானே தேசப்பன் வீட்டுக்கு நடந்துபோய், அந்தப் பெண்ணின் தாய் காலைப் பிடித்துத் திரும்ப வாங்கி வருகிறேன், உன் நைனாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளவில்லையா. நெத்திலியையும் உப்பையும் தெரிந்த வீட்டுப் பெண், அதற்குமேல் நான் குலம் கோத்திரம் கேட்கமாட்டேன். ஆனால் அவளை அழைத்துக்கொண்டு ஒரு தரமாவது இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும், பாயும் சோறும் அவளுக்கும் சேர்த்து இருக்கிறது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பூவம்மாவோடு படிக்கிற தாஹிராவின் வீட்டு முகவரிக்குப் போடு, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஸ்டானிஸ்லாஸ் விடிந்ததும் கப்பல் ஏறுகிறான், அவனிடம் என் பானைத் தண்ணியில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். கடைக்கார அம்மாவுக்கு ருசி பார்க்கக் கொடு, உப்பு கூடியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லச் சொல், என்னுடையது அவர்களுடையதைவிட நன்றாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது என்றாயே, போய் எங்கள் எல்லோர் பெயரையும் சொல்லிக் கும்பிடு. கடலும் கரையும் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ கழுவுகிற கிண்ணத்தில் என்றைக்கும் சோறு குறையாமல் இருக்கட்டும். பாட்டில் காலியானால் தூக்கிப் போடாதே, திருப்பி அனுப்பு.

இப்படிக்கு, விளக்குக் கரியில் கட்டைவிரல் வைத்து,
உன் அம்மா கன்னியம்மா

அண்ணா, இது நான் பூவம்மா. அம்மா பாட்டிலுக்கு மெழுகு வைக்கக் கொல்லைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதுகிறேன், இதை அம்மாவுக்கும் எழுதிவிடாதே. பானையில் குறைவது ஆவி இல்லை, பூனையும் இல்லை. ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், நைனா கொல்லையில் குந்தி, பழைய சோற்றில் அதை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ‘உங்கம்மாவாண்ட சொன்னே, தோல உரிச்சுடுவேன்’ என்றார். நான் அழுதுவிட்டேன். அப்புறம் மெதுவாக, ‘அவன் லெட்டர எடுத்தா, அந்தக் கடை வர்ற எடத்த மட்டும் படி, கோழின்னு மாத்திப் படிக்காத’ என்றார். அன்றிலிருந்து அம்மா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அவருக்குப் படிக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் அவருக்கு, அவருக்குத் தெரியாமல் அம்மாவுக்கு, என்றைக்கு மாட்டிக்கொள்வேனோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. நேற்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். சொன்னேன். வலையை முடிந்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை, மறுபடி சொல்லிப் பார்த்தார், இன்னொரு தரம் சொல்லுடி என்றார். ஆனாலும் இன்று சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே, அதுதான் எனக்கு

கதவு தட்டுகிறார்கள் அண்ணா. உன் ஊரில் தட்டினால் சாப்பாடு, இங்கே தட்டினால் பயம்தான். இடுக்கில் பார்த்தேன், நைனாதான், ஒரு கையில் அரிக்கேன், ஒரு கையில் தட்டு, துணியில் அம்மா போட்ட முடிச்சு அப்படியே